இரண்டாவது மாங்கனி

பந்தயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் வழங்குகிறது. ஒன்று போட்டி, மற்றொன்று பணயம். ஓடுகிறவன் முந்தப் பார்க்கிறான் என்பது மட்டுமல்ல, முந்துவதற்காக எதையோ இழக்கவும் துணிந்திருக்கிறான் என்பதும் அந்த ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கிறது. தரையில் நடக்கும் பந்தயங்களைப் பார்க்கும்போது இந்த இரண்டாவது பொருள் நமக்கு ஞாபகம் வருவதில்லை. சைக்கிள் பந்தயத்தில் தோற்றவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ரேக்ளா வண்டியின் அச்சு முறிந்தால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஓடிவந்து மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். கடலில் அது நடக்காது. அங்கே வேடிக்கை பார்க்கிற கூட்டம் கரையோடு நின்றுவிடுகிறது. பாய்மரம் ஒடிந்தாலும், எஞ்சின் நின்றாலும், காற்று திசை மாறி மேலே விழுந்தாலும், பக்கத்தில் இருப்பவன் ஒருவனே. அவனும் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கிறவன். நம்மை முந்துவதற்காகவே புறப்பட்டு வந்தவன்.

அவன் திரும்பி வருவானா? வந்தால் அவனுடைய பந்தயம் என்ன ஆகும்? அவன் இழந்ததை யாராவது அவனுக்குத் திருப்பித் தரவேண்டுமா? தந்தால் அவன் செய்த உதவி கூலிக்குச் செய்த வேலையாகிவிடாதா? இந்தக் கேள்விகள் படகுப் பந்தயத்துக்கு மட்டும் உரியவை என்று நான் எண்ணவில்லை. ஆனாலும் கடலில் வைத்துப் பார்த்தால் அவை தெளிவாகத் தெரிகின்றன. அங்கே மறைந்துகொள்ள மரம் மட்டை எதுவும் இல்லை.

1988ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24ஆம் தேதி. சியோல் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்த சமயம். பாய்மரப் படகுப் போட்டிகளை மட்டும் தென்கொரியாவின் தென்கோடியில் உள்ள பூசான் துறைமுகத்துக்கு அருகே வைத்திருந்தார்கள். அன்று காலையில் காற்று மிதமாகத்தான் இருந்தது. பிறகு அது திடீரென்று வலுத்து, மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேலாக வீசத் தொடங்கிவிட்டது. ஒரே ஆள் ஓட்டும் ஃபின் வகைப் படகுகளும், இருவர் ஓட்டும் 470 வகைப் படகுகளும் அடுத்தடுத்த கடற்பரப்பில் ஓடிக்கொண்டிருந்தன. ஃபின் போட்டியில் கனடா நாட்டைச் சேர்ந்த லாரன்ஸ் லெமியூ என்பவர் இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருந்தார். மொத்தம் ஏழு ஓட்டங்களில் அது ஐந்தாவது. பதக்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அப்போது மற்றப் போட்டியைச் சேர்ந்த சிங்கப்பூர்ப் படகு ஒன்று கவிழ்ந்து கிடப்பதை அவர் கண்டார். ஜோசப் சான், ஷா ஹெர் சியூ என்ற இருவர் அதில் வந்தவர்கள். ஒருவர் காயம்பட்டுப் படகைப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவரை நீரோட்டம் படகிலிருந்து பிரித்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. லெமியூ தம் படகைத் திருப்பினார். பெருங்காற்றில் சின்னப் படகைத் திருப்புவது என்பது சாலையில் வண்டியைத் திருப்புவது போன்றதல்ல. தம் படகே கவிழ்ந்துபோகக்கூடும். இருந்தும் விலகிப்போனவரை முதலில் தூக்கி ஏற்றினார். பிறகு மற்றவரிடம் போனார். கொரியக் கடற்படையின் படகு வந்து இருவரையும் ஏற்றிக்கொள்ளும்வரை காத்திருந்தார். அதன் பிறகுதான் பந்தயத்தைத் தொடர்ந்தார். முடிக்கும்போது இருபத்திரண்டாம் இடம்.

இந்தச் செய்தியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, 'ஆஹா, எவ்வளவு பெரிய மனம்!' என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு கரையில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நடுவர்கள் கூடினார்கள். படகைத் திருப்பிய கணத்தில் அவர் எந்த இடத்தில் இருந்தாரோ அந்த இடமே அவருடையது என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த ஓட்டத்துக்கு மட்டும் இரண்டாம் இடம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆயினும் எல்லா ஓட்டங்களையும் கூட்டிப் பார்த்தபோது அவர் பதினோராம் இடத்தில் நின்றார். பதக்கம் இல்லை. பதக்கம் வழங்கிய நாளில் ஒலிம்பிக் குழுவின் தலைவர் சமராஞ்ச் அவரை அழைத்து, பியர் தெ குபெர்த்தன் பெயரால் அமைந்த தனிப் பதக்கத்தை அளித்தார்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு இப்படிக் கேட்கலாம்: "பாய்மரப் பந்தய விதிகளில் முதல் விதியே, ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி எல்லாம் செய்யவேண்டும் என்பதுதான். விதிக்கு அடங்கி நடந்தவரைப் புகழ என்ன இருக்கிறது? அந்த விதிகளிலேயே, உதவப் போய் இடம் இழந்தவருக்கு நடுவர்கள் பரிகாரம் செய்யலாம் என்றும் இருக்கிறது. ஆகவே அவர் இழந்தது என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் விதி என்பது காகிதத்தில் இருக்கிறது. அலை கடலில் இருக்கிறது. ஆளுயர அலைகளுக்கு நடுவே, நீர்த்திவலை முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது, 'நான் கவனிக்கவில்லை' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அதை மறுக்க யாரால் முடியும்? விதியை மீறாமலே தப்பிக்கும் வழி எப்போதும் ஒன்று இருக்கிறது. கண்ணை நேராக வைத்துக்கொண்டு போய்விடுவதுதான் அது. நாமெல்லாம் தினமும் தெருவில் கையாளும் வழி. அதை அவர் கையாளவில்லை. அதுதான் அவருடைய பெருமை. படகைத் திருப்புகிற நொடியில், நடுவர்கள் கூடுவார்களா, கூடினால் என்ன சொல்வார்கள் என்று எண்ணிப் பார்க்க அவருக்கு நேரமும் இருந்திராது.

இதை நினைக்கும்போது காரைக்காலில் பிறந்த ஒரு பெண்ணின் கதை எனக்கு ஞாபகம் வருகிறது. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி அந்த ஊருக்குப் போயிருப்பவர்களுக்கு மாங்கனித் திருவிழாவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பிட்சாடனர் வீதி உலா வரும்போது மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கும் கூட்டம் கை நீட்டிப் பிடிக்கும். அத்தனை பழங்களுக்கும் காரணம் இரண்டே இரண்டு பழங்கள்தாம். சேக்கிழார் பெரிய புராணத்தில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

பரமதத்தன் என்ற வணிகன் தனக்குக் கிடைத்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பி வைத்தான். மனைவி புனிதவதி அவற்றை எடுத்து வைத்திருந்தாள். பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. வந்தவரைக் காக்க வைக்க மனமில்லாமல், இருந்த கனிகளில் ஒன்றைச் சோற்றோடு வைத்துப் படைத்துவிட்டாள். பிற்பாடு கணவன் வந்து உண்ண உட்கார்ந்தான். மிச்சமிருந்த கனியை வைத்தாள். சுவை நன்றாயிருக்கிறது, மற்றதையும் கொண்டு வா என்றான். அவள் உள்ளே போய் நின்றாள்.

அந்த உள்ளே போய் நின்ற நேரத்தைப் பற்றி யோசித்துப் பார்க்க வேண்டும். கனியைக் கொடுத்தபோது, அதற்கு ஈடாக இன்னொன்று வரும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்து கொடுத்திருந்தால் கதையே இல்லை. பசித்தவன் முன்னால் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிட்டாள். ஆனால் கணக்குப் பார்க்காதவளிடமும் ஒரு நாள் கணக்குக் கேட்கிறவர்கள் வந்துவிடுகிறார்கள். 'இரண்டாவது கனி எங்கே?' என்று கேட்டவன் கெட்டவனும் அல்ல. தன் வீட்டில் தன் பண்டத்தைக் கேட்டான். அப்போது அவளுக்கு இரண்டாவது மாங்கனியை யாராவது தந்தாக வேண்டும். புராணத்தில் இறைவன் தந்தான்.

பூசானில் அதைத் தந்தவர்கள் நடுவர்கள். தெய்வம் செய்யவேண்டியதை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நாலு மனிதர்கள் செய்தார்கள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதை சொல்லுகிறது. மிகவும் உயர்ந்த சொல். ஆனால் அதை நாம் யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று கவனிப்பதில்லை. அது செய்கிறவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவேண்டிய உபதேசம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறவன் அதை எடுத்து, 'நீதான் பலனை எதிர்பார்க்காதவன் ஆயிற்றே, உனக்கு எதற்குக் கொடுக்கவேண்டும்?' என்று கேட்பானேயானால், அது உபதேசம் அல்ல. கடனை ஏமாற்றுவதற்கு ஒரு தந்திரம். கொடுத்தவன் கணக்கை மறந்துவிடுவது தர்மம். பெற்றவனும் பார்த்தவனும் கணக்கை மறந்துவிடுவது தர்மம் ஆகாது.

கடல் சம்பந்தமான சட்டங்களை எழுதியவர்களும் இந்த இடத்தில் தடுமாறித்தான் இருக்கிறார்கள். மூழ்கப் போகும் கப்பலையும் சரக்கையும் மீட்டுக் கொடுத்தவனுக்கு அவற்றின் மதிப்பில் ஒரு பங்கு உண்டு என்பது வெகு காலமாக இருந்து வரும் வழக்கம். உயிரைக் காப்பாற்றியதற்கு மட்டும், காப்பாற்றப்பட்டவரிடமிருந்து எதுவும் கேட்கக்கூடாது. 1989இல் நாடுகள் கூடிச் செய்த மீட்பு ஒப்பந்தமும் இதையே சொல்லுகிறது. மூட்டைக்கு விலை உண்டு, மனிதனுக்கு விலை இல்லை! முதலில் கேட்கும்போது விபரீதமாகத்தான் படுகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் அதில் உள்ள நாகரிகம் விளங்கும். தண்ணீரில் தத்தளிக்கிறவனிடம் விலை பேசினால் அவன் எதைத்தான் கொடுக்கமாட்டான்? அந்தப் பேரத்துக்கு இடமே இருக்கக்கூடாது என்றுதான் முன்னோர்கள் அப்படி விதித்திருக்கிறார்கள். உயிருக்குக் கூலி கிடையாது என்பது சரி. ஆனால் உயிரைக் காப்பாற்றப் போனவன் செலவழித்த எண்ணெயும், இழந்த நாளும், விட்டுவந்த மீனும்? அவற்றுக்கு விலை உண்டே!

இந்த இடத்தில் நான் மறுபடியும் காரைக்காலுக்கு வரவேண்டியிருக்கிறது. 1954 நவம்பர் முதல் தேதி வரையில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்தச் சின்னப் பிரதேசத்தில், காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, காசாக்குடிமேடு, பட்டினச்சேரி என்று கடலோரம் நெடுக மீனவர் ஊர்கள் இருக்கின்றன. அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் மீன்பிடித் துறைமுகம். பாய்மரப் படகுகளை அங்கே இப்போது பார்ப்பது அபூர்வம். புதுச்சேரியிலிருந்து தேசிய மாணவர் படையைச் சேர்ந்த பிள்ளைகள் பயிற்சிக்காகப் பாய் விரித்துக்கொண்டு வந்தால் ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள். தெற்கே தொண்டிப் பக்கத்தில் இன்னும் பாய்மரப் படகுப் போட்டி வைக்கிறார்கள். மற்றபடி எல்லாம் எஞ்சின்தான். பெரிய விசைப்படகு, அல்லது பைபர் படகு.

எஞ்சின் வந்ததால் சௌகரியம் வந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாய் இருந்த காலத்தில் காற்றுதான் எஜமான். அது கெட்டால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கெட்டது. எஞ்சின் அப்படி இல்லை. பத்துப் படகில் ஒன்றுக்கு மட்டும் கெட்டுப்போகும். டீசலில் தண்ணீர் கலந்துவிட்டால் நின்றுவிடும். விசிறியில் பழைய வலை சுற்றிக்கொண்டால் நின்றுவிடும். பாயும் துடுப்பும் இல்லாத படகில் எஞ்சின் நின்றுபோனால் அது மிதக்கும் பெட்டிதான். வாடைக்காற்றுக் காலமாயிருந்தால் நீரோட்டம் தெற்கே தள்ளிக்கொண்டு போகும். தெற்கே கோடியக்கரை, அதைத் தாண்டினால் இலங்கைக் கடல் எல்லை. அப்புறம் காற்றோடும் அலையோடும் மட்டுமல்ல, துப்பாக்கியோடும் பேசவேண்டியிருக்கும்.

அப்போது பக்கத்தில் தொழில் செய்துகொண்டிருக்கும் படகு வலையைச் சுருட்டிக்கொண்டு வந்து, கயிறு போட்டு இழுத்து வருகிறது. இப்படி இழுத்து வருவது என்றால் என்ன என்று தரையில் இருக்கிற நமக்குத் தெரியாது. தனியாக வருவதைப்போல் பாதி வேகத்தில்கூட வரமுடியாது. எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். ஐஸ் கரைந்துகொண்டே இருக்கும். அன்றைய மீனை ஏலக்காரன் பார்க்கும் நேரத்துக்குள் கொண்டுவர முடியாது. கடலில் போகிற ஒவ்வொரு படகும் ஒரு பந்தயத்தில் இருப்பதுதான். யார் முதலில் கரை சேர்கிறார்களோ அவர்கள் மீனுக்கு நல்ல விலை. ஆக, திரும்பிய படகு தன் பந்தயத்தைத் தோற்றுவிட்டுத்தான் வருகிறது. அதற்கு ஒலிம்பிக் நடுவர்கள் கிடையாது.

வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் ஒரு சமயம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"இப்படி இழுத்துக்கிட்டு வந்தா, எண்ணெய்க் காசு கேப்பீங்களா, பெரியவரே?"

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "கடல்ல வச்சுக் கேக்கமாட்டோம் தம்பி. கேட்டா அவன் மனுசன் இல்லே."

"கரைக்கு வந்த பிறகு?"

"கரைக்கு வந்த பொறவு அவனாக் கொண்டாந்து குடுப்பான். குடுக்காட்டி அவனும் மனுசன் இல்லே."

இவ்வளவுதான் அவர் சொன்னது. சட்டப் புத்தகமும் தத்துவ நூலும் பல பக்கங்களில் தேடுகிற எல்லைக்கோட்டை அவர் இரண்டே வாக்கியத்தில் போட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. கடலில் கேட்கக்கூடாது, கரையில் கொடுக்காமல் இருக்கக்கூடாது. உதவி செய்கிறவனின் தர்மம் கடலில் இருக்கிறது. மற்றவர்களின் தர்மம் கரையில் இருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

கரையின் தர்மம் தவறிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை ஒரு பந்தயம் அறிவித்தது. தனி ஆளாக, எங்கும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வரவேண்டும். ஒன்பது பேர் புறப்பட்டார்கள். அவர்களில் டொனால்டு க்ரோஹர்ஸ்ட் என்பவர் கடலில் அனுபவம் குறைந்தவர், சிறிய வியாபாரி. படகு கட்டப் பணம் கொடுத்தவரோடு அவர் செய்திருந்த ஏற்பாடு, பயணத்தை முடிக்காமல் திரும்பினால் படகை அவரே விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது. வீடும் அடமானத்தில் இருந்தது. அக்டோபர் 31ஆம் தேதி, வேலை முடியாத படகிலேயே புறப்பட்டுவிட்டார். சில வாரங்களுக்குள் படகில் தண்ணீர் புகுந்தது, சாதனங்கள் கெட்டன. தென்கடலின் புயல்களில் இந்தப் படகு நிற்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. போனால் சாவு, திரும்பினால் திவால்.

அவர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். அட்லாண்டிக் கடலிலேயே சுற்றிக்கொண்டு, உலகத்தைச் சுற்றுவதாக ரேடியோவில் பொய்ச் செய்தி அனுப்பினார். அவர் வேகமாக நெருங்குகிறார் என்று நம்பி, மற்றொரு போட்டியாளரான நைஜல் டெட்லி பழுதுபட்ட தம் படகை மிதமிஞ்சி விரட்டினார். 1969 மே மாதத்தில், பயணம் முடியச் சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டரே இருக்கும்போது, அந்தப் படகு உடைந்து மூழ்கிப்போயிற்று. அவரை மீட்டுவிட்டார்கள். ஜூலை 10ஆம் தேதி க்ரோஹர்ஸ்டின் படகு நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். உள்ளே ஆள் இல்லை. பொய்யான கணக்கும் உண்மையான கணக்கும் எழுதிய புத்தகங்கள் மட்டும் இருந்தன.

க்ரோஹர்ஸ்டைப் பொய்யர் என்று சொல்வது சுலபம். பொய் சொன்னவர்தான். ஆனால் அவரைக் கடலுக்கு அனுப்பிய கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? திரும்பி வருகிறவனுக்கு அழிவைத் தவிர வேறு எதுவும் வைத்திராத கரை அது. உள்ளே போய் நின்ற மனிதருக்கு இரண்டாவது மாங்கனி கிடையாது என்று முன்னாலேயே பத்திரம் எழுதி வாங்கிவிட்டது. பிறகு அவர் இல்லாத மாங்கனியை இருப்பதாகக் காட்டியதில் ஆச்சரியம் என்ன?

அந்தப் பந்தயத்தைக் கடைசிவரை முடித்தவர் ஒரே ஒருவர்: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய சுஹைலி என்ற படகு நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. 1969 ஏப்ரல் 22ஆம் தேதி அவர் கரை சேர்ந்தார். பரிசுப் பணம் 5000 பவுன். அதை அப்படியே க்ரோஹர்ஸ்டின் மனைவி மக்களுக்குக் கொடுத்துவிட்டார். கரை கொடுக்கத் தவறியதைக் கடலிலிருந்து வந்தவர் கொடுத்தார். இதைவிடக் கரைக்கு வெட்கம் தருவது என்ன இருக்கிறது?

ஆனால் உலகம் ஓர் அளவுக்குக் கற்றுக்கொள்ளவும் செய்கிறது. அந்தப் பழைய பந்தயத்தின் நினைவாக 2018இல் மறுபடியும் ஒரு பந்தயம் நடத்தினார்கள். பழைய முறைப்படி, நவீனத் திசைகாட்டும் கருவிகள் இல்லாமல். நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டிய துரியா என்ற படகில் போனார். செப்டம்பர் 21ஆம் தேதி, இந்துமகா சமுத்திரத்தின் தென்பகுதியில் புயல் அவருடைய படகைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் அடி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அதே புயல், அருகில் வந்துகொண்டிருந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மக்கக்கின் என்பவருடைய படகையும் விடவில்லை. அவருக்கும் மரம் போயிற்று. எஞ்சினும் தொல்லை கொடுத்தது. அப்படி இருந்தும் அவர் கிடைத்த கட்டைகளைக் கொண்டு ஒரு தற்காலிகப் பாய்மரத்தை நிறுத்தி, தாம் தப்பிப்போகும் திசையில் அல்ல, அபிலாஷ் கிடந்த திசையில் படகைச் செலுத்தினார். நம் கடற்படை விமானம் தேடிக் கண்டுபிடித்தது. 24ஆம் தேதி ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் வந்து, அபிலாஷை முதலிலும் மக்கக்கினைப் பிறகும் ஏற்றிக்கொண்டது. மீட்பதில் மக்கக்கின் முந்திக்கொள்ளவில்லை. அதனால் என்ன? அவர் திருப்பிய படகு திருப்பிய படகுதான்.

அடுத்த பந்தயம் 2022இல். இந்தத் தடவை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்ற பெண்மணி முன்னணியில் இருந்தார். நவம்பர் மாதத்தில் பின்லாந்துக்காரர் தபியோ லேதினனின் படகு சில நிமிஷங்களில் மூழ்கிவிட்டது. அவர் மிதவைப் படகில் ஏறித் தத்தளித்தார். கிர்ஸ்டன் திசையை மாற்றி, இரவெல்லாம் படகைச் செலுத்திப் போய் அவரைத் தூக்கினார். பிறகு ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டுத் தம் வழியே போனார். இங்கேயும் கரை கூடிப் பேசியது. அவர் இழந்த நேரத்துக்கு ஈடாக 35 மணி நேரத்தை அவர் கணக்கில் சேர்த்தது. 2023 ஏப்ரல் 27ஆம் தேதி, ஏறத்தாழ 235 நாள் பயணத்துக்குப் பிறகு, முதலாவதாக வந்து சேர்ந்தவர் அவரே. இரண்டாவதாக வந்தவர், முதுகு முறிந்து கிடந்து பிழைத்த அதே அபிலாஷ் டோமி!

35 மணி என்பதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று யாராவது வாதாடலாம். முப்பது போதும் என்றும், நாற்பது வேண்டும் என்றும் சொல்லலாம். பெருங்காற்றில் விட்டுப்போன ஒரு நல்ல அலையை எந்தக் கணக்கராலும் திருப்பித் தர முடியாது. லெமியூவுக்குக் கிடைத்த இரண்டாம் இடமும் அவர் இழந்ததற்குச் சரியான ஈடு அல்ல. ஈடு ஒருபோதும் சரியாக இராது. புனிதவதிக்கு வந்த மாங்கனிகூடப் போன மாங்கனி அல்ல; அதன் சுவை வேறாக இருந்ததால்தான் கணவன் கேள்வி கேட்டான். ஆயினும் 'உன் நஷ்டத்தை நாங்கள் பார்த்தோம்' என்று கரை சொல்லுகிறதே, அது வேண்டியிருக்கிறது. ஒருவருக்குச் சொல்லும் அந்தச் சொல்லைப் பின்னால் வருகிற பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்குப் படகைத் திருப்பலாமா என்று ஒருவன் தயங்கும்போது, அவன் மனத்தின் அடியில் அந்தச் சொல் எங்கோ கிடக்கும்.

அப்படியானால் ஈட்டை நம்பித் திருப்புகிறவனுக்கு என்ன பெருமை என்று மீண்டும் கேட்பார்கள். பெருமை கொஞ்சம் குறைந்துபோனால்தான் என்ன? வீரர்களுக்காக மட்டும் உலகத்தை ஏற்பாடு செய்வது நியாயம் அல்ல. லெமியூவைப் போன்றவர்கள் எந்த ஏற்பாடும் இல்லாவிட்டாலும் திரும்புவார்கள். நானும் நீங்களும் போன்ற சாதாரண ஜனங்கள் இருக்கிறோமே, வீட்டில் கடனும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் உள்ளவர்கள். நல்லது செய்ய ஆசைப்பட்டும் செலவை நினைத்துப் பின்வாங்குகிறவர்கள். அவர்களும் திரும்பக்கூடிய ஓர் உலகம் வேண்டும். விபத்தில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போனவன் அரைநாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க நேர்ந்தால், அடுத்த தடவை அவன் கண்ணை நேராக வைத்துக்கொண்டு போவதற்கு அவன் மட்டுமா காரணம்? புயல் எச்சரிக்கைக் கொடி ஏறியதும் கடலுக்குப் போகாதே என்று உத்தரவு போடுகிறோம். அது அவசியம். போகாத அந்த நாளில் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்பது யாருடைய வேலை?

பந்தயத்தில் ஓடுகிறவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். உண்மையில் நம்மில் பெரும்பாலோர் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் அல்ல, கரையில் நிற்பவர்கள். திருப்பிய படகு மெதுவாக, கடைசியாக, பின்னால் ஒரு படகை இழுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குள் நுழையும்போது, ஏலம் முடிந்து கூடைகள் காலியாகிவிட்டிருக்கும். கூட்டமும் கலைந்து போயிருக்கும். அந்த நேரத்தில் அங்கே நின்றுகொண்டிருக்கிறவர்கள் யார், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஓர் ஊர் நல்ல ஊரா இல்லையா என்று சொல்லமுடியும்.